மரம் வெட்டத் தெரியுமா?

படிப்பு ஏறாத பிள்ளையைக் கண்டால் "மாடு மேய்க்கப் போ" என்று கோபித்துக் கொள்வது நம் வீடுகளில் வழக்கம். கோபம் இன்னும் ஒரு பங்கு அதிகமானால், "நீ விறகு வெட்டக்கூட லாயக்கில்லை" என்பார்கள். இந்த இரண்டாவது வாக்கியத்தில் பெரியவர்கள் தம்மையும் அறியாமல் ஓர் உண்மையைச் சொல்லி விடுகிறார்கள். பரீட்சையில் தவறிய பிள்ளை மட்டுமல்ல, முதல் வகுப்பில் தேறிய பிள்ளையும், அவனைக் கோபித்துக் கொள்ளும் தகப்பனாரும்கூட அந்த வேலைக்கு லாயக்கில்லாதவர்கள்தான். பள்ளிக்கூடத்துப் பரீட்சையில் தவறினால் அடுத்த வருஷம் மறுபடியும் எழுதலாம். எண்பதடி உயரமுள்ள தேக்கு மரத்தின் அடியில் நின்று எழுதுகிற பரீட்சையில் தவறினவனுக்கு அடுத்த வருஷம் என்பது அநேகமாகக் கிடையாது.

மரம் நடுவதைப் பற்றி இப்போது எல்லாரும் பேசுகிறார்கள். மந்திரிகள் நடுகிறார்கள், சினிமா நக்ஷத்திரங்கள் நடுகிறார்கள், நட்ட கையோடு படமும் எடுத்துக் கொள்கிறார்கள். நல்ல காரியந்தான். ஆனால் மரம் வெட்டுகிறவரைப் பற்றிப் பேச்செடுத்தால் அதே கனவான்கள் முகத்தைச் சுளிக்கிறார்கள். அவர்கள் சாய்ந்து உட்கார்ந்திருக்கும் நாற்காலி தானாகவே முளைத்து வந்தது என்பது அவர்கள் எண்ணம் போலும்! ஆகவே, இந்த வாரம் கோடாலிக்காரரின் பக்கத்தில் சற்று நேரம் நின்று பார்க்கலாமென்று உத்தேசிக்கிறோம். மிகவும் பக்கத்தில் அல்ல. ஏன் என்பது பின்னால் விளங்கும்.

காட்டிலே மரம் தறிக்கப் போகிறவர் முதலில் கோடாலியைத் தொடுவதே இல்லை. மரத்தைச் சுற்றி வருகிறார். அண்ணாந்து பார்க்கிறார். எந்தப் பக்கம் கிளைகளின் பாரம் அதிகம், தண்டு எந்தத் திசையில் சாய்ந்திருக்கிறது, காற்று எங்கேயிருந்து வருகிறது என்பவையெல்லாம் அவருக்கு முதற்கணக்கு. உச்சியில் பட்டுப்போன கிளை ஏதேனும் தொங்குகிறதா என்பது இரண்டாவது கணக்கு. மரம் அதிர்ந்தவுடனே முதலில் கீழே வருவது அதுதான், அது வருகிற ஓசை கேட்பதற்குள் வந்து சேர்ந்து விடும். மூன்றாவது, கொடிகள். நம் மலைக்காடுகளில் தொடை பருமனுள்ள கொடிகள் ஒரு மரத்திலிருந்து இன்னொரு மரத்துக்குப் பாலம் போட்டிருக்கும். அவற்றைக் கவனியாமல் ஒரு மரத்தை வெட்டினால், அது தன்னோடு அண்டை வீட்டுக்காரரையும் இழுத்துக்கொண்டு விழும். அல்லது விழாமல் பாதியில் தொங்கும். பாதியில் தொங்கும் மரத்தைப் போல அபாயமானது காட்டில் வேறில்லை என்று புலியோடும் யானையோடும் பழகினவர்களே சொல்லுவார்கள். ஆகையால் கொடிகளை முன்கூட்டியே அறுத்து, அவை காய்ந்து வலுவிழக்கும்படி விட்டு விடுவது நல்ல வனத்தொழிலின் முறை.

பிறகு கோடாலியின் பின்புறத்தால் தண்டை இரண்டு தட்டுத் தட்டுகிறார். உள்ளே வைரம் பாய்ந்திருக்கிறதா, அல்லது பொந்து விழுந்து மத்தளமாக இருக்கிறதா என்று அந்த ஓசை சொல்லிவிடும். பொந்து விழுந்த மரம் வெட்டுகிறவரின் கணக்கையெல்லாம் பொய்யாக்கக் கூடியது. அடுத்தபடியாக, மரம் விழுகிறபோது தாம் விலகி ஓட வேண்டிய வழியைத் துப்புரவு செய்து வைக்கிறார். இந்த வழி நேர் பின்னால் இருக்கக் கூடாது. மரம் விழும் வேகத்தில் அதன் அடிப்பாகம் சில வேளைகளில் வெட்டின கட்டையின் மேலே எகிறிப் பின்னால் பாயும். நேர் பின்னால் நிற்பவரைக் கேட்டுக்கொண்டு பாயாது. ஆகவே, பின்புறமாகச் சாய்ந்த கோணத்தில் ஓடுவழி. அதிலுள்ள முட்செடி, கல், காலைத் தடுக்கும் வேர் எல்லாவற்றையும் முதலிலேயே அகற்றி வைக்க வேண்டும். மலைச்சரிவில் இன்னொரு கணக்கும் உண்டு. பள்ளத்தை நோக்கி மரத்தைத் தள்ளுவது சுலபமென்று நமக்குத் தோன்றும். அவ்விதம் தள்ளினால் அது நெடுந்தூரம் விழுந்து, நெடுக வெடித்து, பலகைக்கு ஆகாமற் போய்விடும். மேட்டுப் பக்கமாகவோ குறுக்காகவோ சாய்ப்பதுதான் கெட்டிக்காரத்தனம்.

இத்தனைக்கும் பிறகே முதல் வெட்டு. மரம் எந்தப் பக்கம் விழ வேண்டுமோ அந்தப் பக்கத்தில் தண்டின் குறுக்களவில் நாலில் ஒரு பங்கு முதல் மூன்றில் ஒரு பங்கு வரை ஆப்பு வடிவில் வெட்டி ஒரு வாய் திறக்கிறார். அப்புறம் எதிர்ப்பக்கத்துக்கு வந்து, அந்த வாயின் அடிமட்டத்துக்குச் சற்று உயரத்தில் ரம்பம் போடுகிறார். இங்கேதான் வித்தையின் உயிர்நிலை இருக்கிறது. இரண்டு வெட்டுகளும் ஒன்றையொன்று தொட்டுவிடக் கூடாது. நடுவே தண்டின் குறுக்களவில் ஏறக்குறையப் பத்தில் ஒரு பங்கு வெட்டாமல் நிற்க வேண்டும். இந்த மெல்லிய பட்டைதான் கதவுக்குக் கீல் போல நின்று, டன் கணக்கான பாரத்தை மெள்ள மெள்ளக் குறித்த திசைக்குத் திருப்பிக் கொடுக்கிறது. ஆத்திரப்பட்டுக் கீலையும் அறுத்து விட்டாலோ, மரத்துக்கு எஜமான் இல்லை. அதன் இஷ்டம்போல எந்தப் பக்கம் வேண்டுமானாலும் திரும்பும். முன்வாயைப் போதிய ஆழம் வெட்டாமல் சோம்பினால், தண்டு நெடுக்காகப் பிளந்து அதன் பின்பாதி மேலே உதைக்கும்.

ரம்பம் உள்ளே போகப் போக அதன் பின்னாலேயே ஆப்பு அடித்துக்கொண்டு வருகிறார்கள். இல்லாவிட்டால் மரம் தன் பாரத்தாலே ரம்பத்தைக் கவ்விக் கொள்ளும். கடைசியில் கீல் நார்கள் ஒவ்வொன்றாய்ச் சொடுக்கும் ஓசை கேட்கும். உச்சி இலைகள் காற்றில்லாமலே அசையும். அவ்வளவுதான், ரம்பத்தை விட்டுவிட்டு ஓடுவழியில் நடக்க வேண்டியது. ரம்பத்தை உருவிக்கொண்டு போகலாமென்று நின்றவர்கள் பலர் ரம்பத்தோடேயே நின்றுவிட்டார்கள்.

கருவிகளைப் பற்றி ஒரு வார்த்தை. கோடாலி என்றால் இரும்புதான் முக்கியமென்று நினைக்கிறோம். காட்டுக்காரரைக் கேட்டால் காம்புதான் முக்கியமென்பார். நார் நேராக ஓடுகிற, முடிச்சில்லாத, நன்றாக உலர்ந்த கட்டையாகத் தேர்ந்தெடுத்து, கைக்கு வழவழப்பாகும் வரை இழைத்து, கண்ணாடித் துண்டால் சுரண்டி, தலைத்துளையில் இறுக்கி, உச்சியில் ஒரு சிறு ஆப்பும் அடித்தால்தான் அது கோடாலி. நார் குறுக்கே ஓடும் காம்பு, வெட்டின் நடுவில் முறிந்து தலையைப் பறக்க விடும். 'கோடாலிக் காம்பு' என்று நம் பாஷையில் குலத்துரோகிக்குப் பெயர். மரத்தினத்தை அழிக்க மரமே துணை போகிறது என்பது கருத்து. சுதந்திரப் போராட்ட காலத்தில் பிரசங்க மேடைகளுக்குப் பொருத்தமான வசவுதான். ஆனாலும், உள்ளபடிக்குக் காம்பாக இருக்கத் தகுதியான மரம் காட்டிலே மிகவும் நேர்மையான மரமாயிருக்க வேண்டும் என்பதை அந்த வசவை உண்டாக்கினவர் யோசித்ததாகத் தெரியவில்லை.

இருவர் இழுக்கும் நீள ரம்பம் வேறொரு சாஸ்திரம். அதன் பற்கள் எல்லாம் ஒரே ஜாதியல்ல. சில பற்கள் கத்தியைப் போல் நாரை அறுப்பவை. அவற்றின் நடுநடுவே சற்றுக் குட்டையான பற்கள், அறுந்த நாரை வாரி வெளியே தள்ளுபவை. அறுக்கும் பற்களை ஒன்றுவிட்டு ஒன்று இடமும் வலமுமாக இம்மியளவு வளைத்து வைப்பார்கள். அப்போதுதான் ரம்பம் தான் வெட்டிய பள்ளத்தில் தானே சிக்கிக் கொள்ளாது. தேக்கு மரத்திலே மணற்சத்து உண்டு. அது பற்களின் கூரை விரைவில் தின்று விடும். ஆகவே அரமும் கையுமாக உட்கார்ந்து பல் தீட்டுவது தேக்குக் காட்டில் ஓயாத வேலை. கூர் கெட்ட ரம்பத்தை இழுப்பவர் இரண்டு மடங்கு வியர்வை சிந்தி அரை மடங்கு வேலை செய்கிறார். இந்த ரம்பத்துக்கு ஒரு தர்மமும் இருக்கிறது. ஒவ்வொருவரும் தம் பக்கம் இழுக்கலாமே தவிர எதிராளியின் பக்கம் தள்ளக் கூடாது. தள்ளினால் தகடு மடங்கும். தம் முறை வரும்போது இழுத்து, மற்றவர் முறை வரும்போது கையைத் தளர விட வேண்டும். நம் சட்டசபை அங்கத்தினர்களை ஒரு வார காலம் இந்த ரம்பத்தில் ஜோடி ஜோடியாகப் பழக்கினால் தேசத்துக்கு நன்மை உண்டாகும் என்பது நம் தாழ்மையான அபிப்பிராயம்.

எல்லா மரத்தையும் வெட்டுவதில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். சந்தன மரத்தை வெட்டுவது அறியாமை. அதன் வாசனை எண்ணெய் வேரிலே நிறைந்திருப்பதால் வேரோடு தோண்டித்தான் எடுக்கிறார்கள். பிறகு வெளிறு முழுவதும் போகும்படி செதுக்கி, வைரத்தை மட்டும் நிறுத்துத் தரம் பிரிக்கிறார்கள். செதுக்கிய தூளும் விலை போகும். மைசூரில் திப்பு சுல்தான் 1792-ல் சந்தனத்தை ராஜ விருக்ஷமாக்கினார். அதாவது, மரம் எவன் நிலத்தில் முளைத்தாலும் சொத்து சர்க்காருடையது.

இனி, ஆனைமலைக்குப் போவோம். பொள்ளாச்சிக்குத் தெற்கே இருக்கும் அந்த மலையில் 'டாப் ஸ்லிப்' என்று ஓரிடம் இருக்கிறது. இப்போது பள்ளிக்கூடப் பிள்ளைகள் யானையும் மானும் பார்க்கப் போகிறார்கள். பெயரின் காரணத்தை எத்தனை பேர் விசாரிக்கிறார்களோ தெரியாது. வெட்டிய தேக்கங்கட்டைகளை மலையின் உச்சியிலிருந்து சரிவிலே சறுக்கி விட்ட இடமாதலால் அந்தப் பெயர்.

எதற்காக அவ்வளவு தேக்கு என்றால், முதலில் கப்பலுக்கு. இங்கிலாந்திலே ஓக் மரம் அருகிப் போன காலம். தேக்கிலுள்ள எண்ணெய்ச் சத்து கடல்நீருக்கும் கரையானுக்கும் அசையாது. உள்ளே அடித்த இரும்பாணியையும் அரிக்காது. 1817-ல் பம்பாய்த் துறையில் வாடியா குடும்பத்தாரின் மேற்பார்வையில் மலையாளக் கரைத் தேக்கால் கட்டி முடித்த 'திரிகோணமலை' என்ற போர்க்கப்பல், இருநூறு வருஷங்களுக்குப் பின்னும் இங்கிலாந்தில் ஹார்ட்டில்பூல் துறைமுகத்தில் மிதந்துகொண்டிருக்கிறது. அடுத்தாற்போல் ரெயில் வந்தது. பம்பாயில் 1853-லும், சென்னை ராயபுரத்தில் 1856-லும் வண்டி ஓடத் தொடங்கிற்று. ஒரு மைல் தண்டவாளத்துக்கு 1,760 முதல் 2,000 குறுக்குக் கட்டைகள் வரை வேண்டும். நம் காடுகளின் மேல் அந்தப் பசி விழுந்த வேகத்தைக் கண்டு வெள்ளைக்கார சர்க்காருக்கே பயம் வந்து, அதே 1856-ல் கிளெக்ஹார்ன் என்ற டாக்டரைச் சென்னை மாகாணத்து வனபாலகராக நியமித்தார்கள். வனத்துக்கு வைத்தியரைப் போட்டது பொருத்தமே; நோய் முற்றிய பிறகுதான் போட்டார்கள் என்பது வேறு விஷயம்.

மலைக்கு அப்பால் பரம்பிக்குளம் பக்கத்தில் கொச்சி சமஸ்தானத்தார் 1907-ல் ஒரு டிராம் பாதையே போட்டார்கள். சுமார் ஐம்பது மைல் தூரம் சாலக்குடிக்கு மரம் இறங்கிற்று. செங்குத்தான இறக்கங்களில் மரம் ஏற்றிய வண்டி தன் பாரத்தாலே கீழே இறங்கும்போது, அதே கம்பிக் கயிற்றின் மறுமுனையில் காலி வண்டியை மேலே இழுத்து வரும். 1963-ல் அதை மூடி விட்டார்கள். டிராமும் ரெயிலும் வருவதற்கு முன்னும் பின்னும், அவை போக முடியாத பள்ளங்களில் யானைகள் இழுத்தன. யானைக்கு ஒரு கட்டையைக் காட்டிவிட்டால் போதாது. எந்த முனையில் சங்கிலி போட்டால் வழியில் முட்டாமல் வரும் என்பதைக் கட்டையை வெட்டியவரும் பாகரும் ஒத்துப் பேசித் தீர்மானிக்க வேண்டும். இந்தப் பாகர் வேலையில் ஆனைமலையின் மலசர்கள் தலைமுறை தலைமுறையாகப் பேர்போனவர்கள். டாப் ஸ்லிப் பக்கத்துக் கோழிகமுத்தி யானை முகாமில் இன்றும் அவர்களைக் காணலாம்.

இங்கே நேயர்கள் ஒன்று கவனித்திருப்பார்கள். கப்பல் கட்டிய வாடியாக்களின் பெயர் இருக்கிறது. வனபாலகரின் பெயர் இருக்கிறது. கப்பலுக்கே பெயர் இருக்கிறது. மரத்தைத் தறித்தவர் பெயர் ஒன்றாவது அகப்படுகிறதா? இது வெள்ளைக்காரர் உண்டாக்கின வழக்கமுமல்ல. சங்க காலத்தில் பகை அரசனுடைய காவல் மரத்தை வெட்டி வீழ்த்துவது பெரிய வீரம். மோகூர்ப் பழையனுடைய வேம்பைச் சேரன் செங்குட்டுவன் வெட்டினான் என்று புலவர் பாடி வைத்திருக்கிறார். சேர மகாராஜா கிரீடத்தைக் கழற்றி வைத்துவிட்டு, முன்வாய் திறந்து, பின்வெட்டுப் போட்டு, ஓடுவழியில் விலகி நின்றாரென்று நம்மால் நம்ப முடியவில்லை. யாரோ ஒருவர் வெட்டினார்; இரண்டாயிரம் வருஷமாக அவர் யாரோ ஒருவராகவே இருக்கிறார்.

நல்ல உத்தியோகஸ்தர்களைப் பற்றியும் இதே விதமாகத்தான் எண்ண வேண்டியிருக்கிறது. முதல் உலக யுத்த காலத்தில் ஆனைமலைக்கு வன அதிகாரியாக வந்த ஹூகோ வுட் துரையை நாம் மிகவும் மதிக்கிறோம். வெட்டுவதே வேலையென்று இருந்த காலத்தில், வெட்டிய காடு மறுபடி வளர வேண்டுமென்று அவர் பிடிவாதம் பிடித்தார். கையிலுள்ள தடியால் நிலத்தைக் குத்தித் தேக்கு விதைகளைப் போட்டுக்கொண்டே நடப்பார் என்று மலைமேல் இன்றும் கதை சொல்லுகிறார்கள். 1933-ல் அவர் காலமானதும், அவர் விருப்பப்படியே மவுண்ட் ஸ்டூவர்ட் பக்கத்தில் தேக்கு மரங்களின் நடுவில் அடக்கம் செய்தார்கள். நினைவுச் சின்னம் வேண்டுகிறவர் சுற்றிலும் பார்க்கட்டும் என்னும் கருத்துள்ள லத்தீன் வாசகம் கல்லிலே இருக்கிறது.

நாமும் சுற்றிலும் பார்க்கலாம். அவர் கையாண்ட முறையில் ஒரு பகுதி மறுதாம்பு. அதாவது, கரும்பைப் போல் அடிக்கட்டையிலிருந்தே மறுபடி தளிர்க்க விடுவது. தேக்கு அவ்விதம் தளிர்க்க வேண்டுமானால் வெட்டு தரையை ஒட்டி இருக்க வேண்டும். உயரத்தில் வெட்டினால், தளிர் மேலே தொற்றிக்கொண்டு நின்று காற்றுக்கு ஒடியும். வெட்டிய முகம் சற்றுச் சாய்வாக இருக்க வேண்டும். மழைத் தண்ணீர் தேங்கினால் கட்டை அழுகும். பட்டை கிழியவே கூடாது. இவற்றையெல்லாம் துரை காகிதத்தில் எழுதினார். குனிந்து நின்று ஒவ்வொரு கட்டையிலும் எழுதியவர் கோடாலிக்காரர். நிமிர்ந்து நின்று இடுப்புயரத்தில் வெட்டுவது சுலபம். தரையோடு குனிந்து வெட்டினால் முதுகு முறியும். முதுகு முறிய வெட்டியிராவிட்டால் துரையின் கல்லறையைச் சுற்றிப் பார்ப்பதற்கு அவ்வளவு மரம் இராது. நிலம்பூரிலும் இதே கதைதான். 1840-களில் கலெக்டர் கனோலி தேக்குத் தோட்டம் போட்டார் என்று உலகப் பிரசித்தம். அவருக்காக அதை நின்று நடத்திய சாத்து மேனன் பெயரையாவது சிலர் சொல்லுகிறார்கள். அவருக்குக் கீழே படி இறங்கினால் ஒரே இருட்டு.

பரம்பிக்குளத்தில் 'கன்னிமாரா' என்ற தேக்கு ஒன்று நிற்கிறது. நான்கைந்து பேர் கைகோத்தால்தான் அதன் அடிமரத்தைக் கட்டலாம். அத்தனை பெரிய மரத்தைக் கப்பல்காரரும் ரெயில்காரரும் எப்படி விட்டு வைத்தார்கள்? முதல் வெட்டு விழுந்தவுடன் இரத்தம் பெருகிற்று, வெட்டினவர்கள் கோடாலியைப் போட்டுவிட்டுக் கும்பிட்டார்கள் என்பது அங்குள்ளவர்கள் சொல்லும் கதை. தேக்கு இரத்தம் வடிப்பதில்லை. ஆனால் அதே காட்டிலுள்ள வேங்கை வடிக்கும். அதன் பட்டையில் கோடாலி பட்டால் பார்ப்பவர் திடுக்கிடும்படி செந்நீர் கசியும். கதை எப்படிப் பிறந்திருந்தாலும் சரி, அந்தக் கதை சொல்லுகிறவர்கள் வனச் சட்டம் படித்தவர்களல்ல. மரம் தறித்துப் பிழைத்தவர்கள். எதை வெட்டலாம், எதை வெட்டக் கூடாது என்று அவர்களுக்குள்ளும் ஒரு தீர்ப்பு இருந்தது.

சட்டமோ வேறு விதமாக நினைத்தது. 1882-ல் வந்த சென்னை வனச் சட்டமும், 1927-ல் வந்த இந்திய வனச் சட்டமும், தலைமுறையாகக் காட்டில் இருந்தவர்களைக் காட்டுக்குத் திருடர்களாக்கின. சர்க்கார் கூலிக்கு வெட்டினால் தொழில். சொந்தக் குடிசைக்கு வெட்டினால் குற்றம். 1930-ல் உப்பை எடுத்து மகாத்மா காந்தி சட்டத்தை மீறியபோது, கடல் இல்லாத மத்திய மாகாணத்து ஜனங்கள் காட்டுக்குள் புகுந்து புல்லையும் கட்டையையும் வெட்டிச் சத்தியாக்கிரகம் செய்தார்கள். அரிவாளும் கோடாலியும் அன்று தேசியக் கொடியோடு ஊர்வலம் போயின.

சுதந்திரம் வந்த பிறகு காடு மேலும் குறைந்தது. கடைசியில் 1980-ல் வனப் பாதுகாப்புச் சட்டமும், 1996 டிசம்பரில் சுப்ரீம் கோர்ட்டு உத்தரவும் வந்தன. அந்த வழக்கின் பிறப்பிடம் நம் நீலகிரி ஜில்லாவிலுள்ள கூடலூர்தான். நிலம்பூர்க் கோவிலகத்தைச் சேர்ந்த கோதவர்மன் திருமுல்பாடு தொடுத்தது. அங்கீகாரம் பெற்ற திட்டமில்லாமல் காட்டில் மரம் வெட்டக் கூடாதென்று தேசம் முழுவதற்கும் ஆணை பிறந்தது. இதை நாம் மனமார வரவேற்கிறோம். அது இல்லாவிட்டால் இன்று நம் ஆறுகளில் இருக்கிற தண்ணீரும் இராது. ஆனால் ஒரு கேள்வி. மில்லை மூடினால் மில் தொழிலாளிக்கு என்ன வழி என்று கேட்கிறோம். காட்டை மூடியபோது அதில் தறித்தவர், அறுத்தவர், கட்டை புரட்டியவர் எங்கே போவாரென்று யாரேனும் கேட்டார்களா? 2006-ல் வந்த வன உரிமைச் சட்டம் தேன், மூங்கில், கடுக்காய் முதலிய சிறு பலன்களைக் காட்டு மக்களுக்குக் கொடுத்தது, மரத்தைக் கொடுக்கவில்லை. கொடுக்காததும் சரியாகவே இருக்கலாம். கையிலே இருந்த வித்தை மட்டும் கையிலேயே இருந்து விட்டது.

அந்த வித்தைக்கு விலை கொடுக்க ஆள் வந்தது. வேங்கைக்கு நெருங்கிய உறவான செம்மரம் உலகத்தில் இயற்கையாக வளருவது முக்கியமாக ஆந்திர தேசத்தின் சேஷாசலம் முதலிய மலைகளில்தான். சீனத்திலே அதற்கு இருக்கிற கிராக்கியால் ஒரு டன்னின் விலை லக்ஷக் கணக்கில் போகிறது. அந்த மரத்தை இருட்டில் சத்தமில்லாமல் தறித்து, செதுக்கி, தோளில் சுமந்து மலையிறங்கத் தெரிந்தவர்களைத் தேடிக் கடத்தல்காரர்களின் தரகர்கள் ஜவ்வாது மலைக்கும் அதைச் சுற்றியுள்ள ஜில்லாக்களுக்கும் வந்தார்கள். மேஸ்திரி வேலை என்றும் கட்டட வேலை என்றும் சொல்லி அழைத்துப் போனதும் உண்டு. தெரிந்தே போனவர்களும் உண்டு. 2015 ஏப்ரல் 7-ந் தேதி சேஷாசலக் காட்டில் ஆந்திரப் போலீஸ் படை சுட்டதில் தமிழ்நாட்டைச் சேர்ந்த 20 பேர் இறந்தார்கள். கல்லும் ஆயுதமும் கொண்டு தாக்கியதால் தற்காப்புக்காகச் சுட்டோமென்று போலீஸார் சொன்னார்கள். மனித உரிமைச் சங்கத்தார் அதை மறுத்தார்கள். இறந்தவர்களில் லக்ஷாதிபதி ஒருவருமில்லை. மரத்தின் விலையில் மிகச் சிறு துண்டுக்காகப் போனவர்கள் அவர்கள். செம்மரம் திருடுவதை நாம் ஆதரிக்கிறோமென்று யாரும் எண்ண வேண்டாம். நேர்மையான வழியில் அந்தக் கைகளுக்கு வேலை இருந்திருந்தால் தரகனுடைய பேச்சுக்கு மலைமேல் அத்தனை காதுகள் இருந்திரா என்று மட்டும் சொல்லுகிறோம்.

வேலை இல்லாமலில்லை என்பதுதான் இதிலுள்ள விநோதம். காடுகள் மூடப்பட்டாலும் தைல மரமும் சவுக்கும் தோட்டங்களில் பயிராகிக் காகித ஆலைக்கும் கட்டடச் சாரத்துக்கும் போகின்றன. கன்னியாகுமரி ஜில்லாவில் பால் வற்றிய ரப்பர் மரங்கள் விழுந்துகொண்டேயிருக்கின்றன. கோடாலியின் இடத்தை இப்போது மோட்டார் ரம்பம் பிடித்திருக்கிறது. ஜெர்மனியில் 1920-களில் அது பிறந்தபோது இருவர் சேர்ந்து தூக்க வேண்டிய ராக்ஷஸமாயிருந்தது. இப்போது ஒரு கையால் தூக்கிவிடலாம். சங்கிலிக் கத்தி ஒரு விநாடியில் செய்வதைக் கோடாலி பத்து வெட்டில் செய்தது. ஆகவே, தவறு செய்வதற்கும் ஒரு விநாடி போதும். பழைய வித்தையில் ஒரு எழுத்தும் இதனால் தள்ளுபடியாகவில்லை. முன்வாய், கீல், ஓடுவழி எல்லாம் அப்படியே வேண்டும். போனது ஒன்றே: வெட்டு மெள்ள நடந்ததால் மரத்தின் ஓசையைக் கேட்பதற்கு இருந்த அவகாசம். இந்த ரம்பத்தின் இரைச்சலில் கீல் சொடுக்குவது காதில் விழாது.

அதை இயக்குகிறவரைப் பாருங்கள். தலையில் ஒரு துண்டு, காலில் ரப்பர் செருப்பு, வெறுங்காலாகவும் இருக்கலாம். தலைக்கவசமும், கண்மறைப்பும், காதடைப்பும், சங்கிலி பட்டால் சிக்கி நிறுத்தும் கால்சட்டையும் உலகத்தில் இருக்கின்றன. உலகத் தொழில் ஸ்தாபனம் 1998-லேயே வனத்தொழிலுக்கென்று பாதுகாப்பு விதிகளைப் புத்தகமாகப் போட்டிருக்கிறது. ரம்பம் வாங்கப் பணம் போடும் கண்டிராக்டருக்கு இவை மட்டும் ஆடம்பரமாகத் தோன்றுகின்றன.

புயல் அடித்த மறுநாள் இவர்கள் இல்லாமல் நம் பட்டணங்களில் பால் வண்டி நகராது. 2016 டிசம்பர் 12-ல் 'வர்தா' சென்னையில் வீசியபோதும், 2018 நவம்பர் 16-ல் 'கஜா' தஞ்சை ஜில்லாவின் தென்னந்தோப்புகளைப் பாய்போல விரித்துப் போட்டபோதும் தெருவைத் திறந்தவர்கள் இவர்கள்தான். நிற்கிற மரத்தைவிடப் புயலில் விழுந்த மரம் பொல்லாதது என்பது பலருக்குத் தெரியாது. வளைந்து நசுங்கிக் கிடக்கும் கிளைக்குள் வில்லை நாணேற்றினாற்போல் விசை அடைந்திருக்கும். எந்தப் பக்கம் இறுகியிருக்கிறது, எந்தப் பக்கம் இழுபட்டிருக்கிறது என்று பாராமல் வெட்டினால் அது விடுபட்டு மார்பில் அடிக்கும். வேரோடு சாய்ந்த பெரிய மரத்தின் தண்டை அறுத்தவுடன், மண்ணோடு பெயர்ந்து நிற்கும் வேர்க்கட்டை சடாரென்று மீண்டும் குழியில் உட்காருவதும் உண்டு. அந்தக் குழியில் ஒரு பையன் நின்று வேடிக்கை பார்த்துக் கொண்டிருந்தால் என்ன ஆகுமென்று சொல்ல வேண்டியதில்லை.

வடகிழக்குப் பருவ மழை ஐப்பசியில் தொடங்குகிறது. அதற்கு முன்னால் ஒவ்வொரு நகரசபையும் தன் எல்லைக்குள் மரம் வெட்டத் தெரிந்தவர்கள் இன்னின்னாரென்று பெயர் எழுதி வைக்கட்டும். வனத் துறையாரிடம் யானை முகாமும் விருந்தினர் விடுதியும் இருக்கும் டாப் ஸ்லிப்பிலேயே வருஷத்தில் ஒரு மாதம் இவர்களுக்குப் பழக்கம் கொடுக்கலாம். ஜவ்வாது மலையிலிருந்து பத்துப் பேரை ஆசிரியர்களாக அழைத்தாலும் குற்றமில்லை. ஒவ்வொருவருக்கும் தலைக்கவசம், கண்மறைப்பு, இன்ஷ்யூரன்ஸ் கொடுப்பதென்று கண்டிராக்ட் பத்திரத்தில் ஒரு வரி சேர்க்கட்டும். மரத்தின் சுற்றளவு இவ்வளவு, அப்புறப்படுத்த நாள் இவ்வளவு என்று பத்திரத்தில் எழுத இடமிருக்கும்போது, இந்த ஒரு வரிக்கும் இடம் அகப்படும்.